பூசாத வீட்டைப் பார்க்கப் போன வேன்

விழுப்புரத்தில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்பவர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது. ஜங்ஷனில் ரயில் நிற்கிற நேரத்தில் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, ஊரையே அளந்துவிட்டதாக நினைத்துக்கொள்வார்கள். செஞ்சிக் கோட்டைக்குப் போகலாம், இல்லாவிட்டால் புதுச்சேரிக்குப் போகலாம், நடுவில் இருப்பதெல்லாம் வெறும் ரோடு என்பது அவர்கள் எண்ணம்.

நான் பாலிடெக்னிக்கில் கட்டட வரைபடம் சொல்லிக்கொடுக்கிறவள். பிறந்தது திண்டிவனம், வாழ்க்கைப்பட்டது விழுப்புரம். இரண்டு ஊருக்கும் நடுவில் பஸ்ஸில் போய்வந்தே பாதி ஆயுள் கழிந்துவிட்டது. ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்துப் பார்த்துத்தான் இந்தப் பக்கத்துக் கான்கிரீட் கட்டடங்களின் மேல் எனக்குப் பைத்தியம் பிடித்தது. கோயிலைப் பற்றியும் கோட்டையைப் பற்றியும் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நம் அப்பா அம்மா காலத்திலும் நம் காலத்திலும் கட்டியதைப் பற்றி யார் சொல்வது? அதனால் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு வேனை அமர்த்திக்கொண்டு, வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு கட்டடம் காட்டக் கிளம்பினேன். என் கணவர் இதற்கு வைத்த பெயர் சிமெண்ட் யாத்திரை. கேலிக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் எலுமிச்சை சாதக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு, டிரைவருக்குப் பக்கத்தில் முதலில் ஏறி உட்காருகிறவர் அவர்தான்.

வேன் திண்டிவனத்தில் கிளம்பும். முதலில் ஒரு பழைய சினிமா தியேட்டர், இப்போது அது கல்யாண மண்டபம். முகப்பில் கீழிருந்து மொட்டைமாடி வரை மெல்லிய கான்கிரீட் பலகைகளை வரிசையாக நிற்க வைத்திருக்கிறார்கள். காலை வெயில் சாய்ந்து விழும்போது அந்தப் பலகைகளின் நிழல் சுவர் மேல் மெதுவாக நகரும். உள்ளே மாடிப்படி ஒரு தூணின் துணைகூட இல்லாமல் வளைந்து ஏறும். ஏறுகிறவரும் இறங்குகிறவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் தப்ப முடியாது. டிக்கெட் வாங்கி வந்தவர்களுக்குப் படம் தொடங்குவதற்கு முன்பே வேடிக்கை தொடங்கியிருக்கும். கட்டியவர் யாரென்று யாருக்கும் தெரியவில்லை. யாராக இருந்தாலும் அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளத் தோன்றும் எனக்கு.

அப்புறம் விழுப்புரத்துக்கு வெளியே ஒரு குடிநீர்த் தொட்டி. தண்ணி டேங்க்கைப் பார்க்கவா வேனை நிறுத்தினீர்கள் என்று ஒருவராவது கேட்பார். இறங்கி அடியில் போய் நின்று அண்ணாந்து பாருங்கள் என்பேன். போய்ப் பார்ப்பார்கள். எத்தனையோ லாரித் தண்ணீர் தலைக்கு மேல் இருக்க, நடுவில் ஒற்றைத் தண்டு மட்டும் அதைத் தாங்கிக்கொண்டு நிற்கும். கேள்வி கேட்டவர்தான் கடைசியாக வேனில் ஏறுவார்.

சாலையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு கிராமத்தில் ஒரு தேவாலயம் இருக்கிறது. காகிதத்தை மடித்தது போலக் கான்கிரீட்டை மடித்துக் கூரையாகப் போட்டிருக்கிறார்கள். அந்த ஊரில் பெரும்பாலும் கூலி வேலைக்குப் போகிற குடும்பங்கள். கூரை போட்ட அன்று ஊரே வரிசையாக நின்று கான்கிரீட் சட்டியைக் கைக்குக் கை மாற்றியதாம். சாவி வைத்திருக்கும் அம்மாள் ஒவ்வொரு தடவையும் அதைச் சொல்வார்: "நடுவுல நிறுத்தக் கூடாதுன்னுட்டாருங்க இன்ஜினியரு. கொழந்தைக்குப் பால் குடுக்கறவ மட்டும் ஒக்காந்தா. மத்தவங்க எல்லாம் சட்டி மாத்திக்கினே இருந்தோம்." கூலிக்கு எத்தனையோ பேர் வீட்டுக் கூரையைப் போட்ட கைகள், ஒரு நாள் தங்களுக்கென்று போட்ட கூரை அது.

சுற்றின் கடைசியில் வரும் கோட்டக்குப்பத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அங்கே வளைகுடாப் பணத்தில் கட்டிய வீடுகள் தெரு நெடுக நிற்கும். பச்சை, ரோஜா, வாடாமல்லி என்று வாய்க்கு வந்த நிறமெல்லாம் சுவரில் இருக்கும். முகப்பு முழுக்க டைல்ஸ், பளபளக்கும் எவர்சில்வர் கைப்பிடி. ஒரு தடவை சென்னையிலிருந்து வந்த கட்டடக்கலை மாணவர்கள் இரண்டு பேர் அதைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. பாலைவனத்தில் ஒரே ரூமில் எட்டுப் பேரோடு படுத்து எழுந்தவன், தன் வீடு தெருமுனையிலிருந்தே தெரியவேண்டும் என்று நினைத்தால் அதில் சிரிக்க என்ன இருக்கிறது? அந்தப் பால்கனியின் நிழல் கீழே தெருவில் நடப்பவனுக்கும் சேர்த்து விழுகிறதே, அதை வரைந்து காட்டுங்கள் பார்ப்போம் என்றேன். வரைந்தார்கள். சாயங்காலம் வரை அந்த வீட்டுக்காரர்கள் கொடுத்த சமோசாவைத் தின்றுகொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள்.

இவ்வளவுக்கும் நடுவில், மதிய வேளையில் வேன் போய் நிற்கும் இடம்தான் வளவனூருக்கு அப்பால் இருக்கும் பூசாத வீடு.

அதைக் கட்டியவர் ஒரு விவசாயி. முப்பத்தைந்து வயதிருக்கும். இன்ஜினியரிங் படித்துவிட்டு, வானூர்ப் பக்கத்துச் செம்மண் மேட்டில் வெள்ளைக்காரர்களுக்கு வீடு கட்டுகிற கொத்தனார்களோடு சில வருஷம் வேலை செய்திருக்கிறார். அப்பா போன பிறகு கரும்பையும் நெல்லையும் பார்த்துக்கொள்ள ஊருக்கு வந்துவிட்டார். வந்தவர் பழைய ஓட்டு வீட்டின் இடத்தில் இதைக் கட்டினார். சுவரெல்லாம் வெறும் செங்கல், ஒரு கரண்டி பூச்சுக் கிடையாது. கூரை ஒரு கம்பிகூட இல்லாமல் செங்கல்லை வைத்தே வளைத்தது. வெயில் கொளுத்துகிற மதியத்தில் உள்ளே நுழைந்தால், வாசலிலேயே உடம்பு தணிவது தெரியும். கூடத்தின் உச்சியில் ஒரு வட்டத் துளைக்குக் கண்ணாடி போட்டிருக்கிறார். அதன் வழியாக விழுகிற வெளிச்சம் காலையில் சாமி படத்தின் மேலும், மதியம் சாப்பிட உட்காரும் இடத்திலும் இருக்கும். எத்தனையோ பெரிய கட்டடங்களைப் பார்த்திருக்கிறேன். இந்த வீட்டைப் போல என்னை வாயடைக்க வைத்தது எதுவுமில்லை.

ஊர் அதைப் பார்த்த விதம் வேறு. பூசாத வீடு என்றால் எங்கள் பக்கத்தில் பணம் தீர்ந்துபோன வீடு. கடன்காரன் கழுத்தைப் பிடிக்கிறான், அதனால்தான் பாதியில் நிற்கிறது என்று அர்த்தம். விவசாயம் செய்கிற மாப்பிள்ளைக்குப் பெண் கிடைப்பது இன்றைக்குக் குதிரைக் கொம்பு. அதற்கு மேல் இது வேறு. பெண் வீட்டார் ரோட்டிலிருந்தே செங்கல்லைப் பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போனதெல்லாம் நடந்திருக்கிறது. வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்பார்கள். இவர் முதல் காரியத்தைச் செய்ததே இரண்டாவதற்கு முட்டுக்கட்டையாக நின்றது.

"துணி உடுத்தாத மாதிரி நிக்குதுங்க வூடு," என்றார் அவருடைய அம்மா, நான் முதலில் போய்ப் பார்த்த அன்று. "ஒரு செவுத்தையாவது பூசுடான்னா கேக்க மாட்றான். நீங்க படிச்சவங்க, நீங்களாச்சும் சொல்லுங்க."

நானோ, பூசினால் கொன்றுவிடுவேன் என்று மகனை மிரட்டிவிட்டு வந்தேன். அந்த அம்மாவுக்கு முதலில் திகைப்பு. மகன் சொல்வது பைத்தியக்காரத்தனம் இல்லை என்று வெளியாள் ஒருத்தி சொன்னதில் பிறகு கொஞ்சம் சந்தோஷம்.

முதல் தடவை வேனில் இருபது பேரோடு அங்கே போனது மாசி மாதம். யார் வீட்டுக்கும் வெறுங்கையோடு போவது என் வழக்கமில்லை. வளவனூரில் வேனை நிறுத்தி இரண்டு சீப்பு வாழைப்பழம், ஆப்பிள், பூ, வெற்றிலை பாக்கு, ஒரு பெட்டி ஸ்வீட் எல்லாம் வாங்கித் தாம்பாளத்தில் வைத்துக்கொண்டேன். அன்றைக்கென்று பார்த்துப் பட்டுப் புடவை கட்டியிருந்தேன். என் கணவர் வேட்டி சட்டை. பின்னால் நரைத்த தலைகள் நாலைந்து, கல்லூரிப் பெண்கள் மூன்று பேர். எல்லோரும் வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். குழாயைத் திறந்து பார்த்தார்கள், பாத்ரூமை எட்டிப் பார்த்தார்கள், நிலம் எவ்வளவு, கிணற்றில் தண்ணீர் எப்படி என்று கேட்டார்கள். எதிர் வீட்டு வாசலிலும் பக்கத்து மொட்டைமாடியிலும் தெரு நின்று பார்த்துக்கொண்டிருந்தது. கட்டடத்தின் பெருமைக்குக் கூடிய கூட்டம் என்று நான் பூரித்துப்போனேன்.

அந்த அம்மாவுக்கும் தலைகால் புரியவில்லை. ஊரே சிரித்த சுவரை இருபது பேர் தடவித் தடவிப் பார்க்கிறார்களே. யாரிடமும் சொல்லாமல் வடை பாயசத்தோடு சமைத்து வைத்திருந்தார். கூடத்தில் வாழையிலை போட்டு, அந்த வட்ட வெளிச்சத்தின் கீழே உட்கார்ந்து அத்தனை பேரும் சாப்பிட்டோம். பின்பக்கம் தொட்டியில் கை கழுவினோம். எலுமிச்சை சாதக் கூடை வேனிலேயே ஊசிப்போயிற்று.

ஒரு மாதம் கழித்து அந்த அம்மாவிடமிருந்து போன் வந்தது.

"டீச்சர், ஒரு பேஜாரா பூட்ச்சிங்க," என்றார். குரல் உடைந்திருந்தது. "கூட்டேரிப்பட்டுல ஒரு எடம் பாத்துக்கினு இருந்தோம். பொண்ணு லேப்ல வேல செய்யுது. ஜாதகம் எல்லாம் ஒத்துப் போச்சு. வூட்டாண்ட வந்து பாக்கறோம்னு சொல்லிக்கினு இருந்தாங்க. இப்ப வர்லன்னுட்டாங்க. ஏற்கெனவே ஒரு எடம் வந்து கை நனைச்சிட்டுப் போச்சாமே, எங்கள எதுக்கு இழுத்துக்கினு இருக்கீங்கன்னு தரகர்கிட்ட சொல்லி அனுப்பிட்டாங்க."

"யார் வந்து கை நனைச்சது?" என்றேன்.

"நீங்கதான் டீச்சர்."

எங்கள் பக்கத்தில் சம்பந்தம் பேசப் போகிற வீட்டில், பேச்சு முடிகிறவரை யாரும் சாப்பிட மாட்டார்கள். ஒரு வாய் தண்ணீரோடு எழுந்துவிடுவார்கள். இலை போட்டுச் சாப்பிட்டுக் கை நனைத்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். அப்படிக் கை நனைத்தவர்கள் திரும்பி வராவிட்டால், மாப்பிள்ளையிடம் வெளியே சொல்ல முடியாத குறை இருக்கிறது என்று அர்த்தம். தாம்பாளமும் பட்டுப் புடவையுமாக நான் இறங்கியதைத் தெரு பார்த்தது. கொல்லைப்புறம் குவிந்த எச்சில் இலையையும் பார்த்தது. இதற்கு மேல் அதற்கு என்ன சாட்சி வேண்டும்?

"கட்டடம் பார்க்க வந்தோம்னு சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேங்க. சிரிக்கிறாங்க. பூசாத வூட்ட எவன் வேன் வெச்சிக்கினு வந்து பாப்பான்றாங்க. சாப்ட்டுட்டுப் போனவங்க ஏன் திரும்பிப் பாக்கல, புள்ளகிட்ட இன்னா கொறைன்னு தெருவே பேசிக்கினு கீது." மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "நெலத்துல பாடுபடறான்னு ஒரு கொறை சொன்னாங்க. வூட்ட பூசலன்னு ஒரு கொறை. அதெல்லாம் போவட்டும். இப்ப ஒண்ணுமே இல்லாததுக்கு ஒரு கொறை சொல்றாங்களேம்மா."

போனை வைத்ததும் எனக்கு வந்த கோபத்துக்கு முதல் பலி, வழக்கம்போல என் கணவர். எந்தக் காலத்தில் இருக்கிறார்கள் இவர்கள், இருபது பேர் வந்தால் கல்யாணத்துக்குத்தான் வரவேண்டுமா என்று குதித்தேன். அவர் தினசரியை மடித்து வைத்தார்.

"நீ பட்டுப் புடவை, பழத்தட்டு. நான் வேட்டி. பாத்ரூம் வரைக்கும் தெறந்து பாத்தோம்," என்றார். "நானே அந்தத் தெருவுல இருந்தா, அந்த மூணு காலேஜ் பொண்ணுங்கள்ல கல்யாணப் பொண்ணு யாருன்னுதான் கேட்டிருப்பேன்."

ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. ஆனால் கூட்டேரிப்பட்டில் ஒரே ஒரு வீட்டின் சந்தேகத்தைத் தீர்த்தால் போதும் என்று தோன்றியது. அன்று மாலையே இருவரும் கிளம்பினோம்.

பெண்ணின் அப்பா அங்கே நெடுஞ்சாலை ஓரத்தில் கடை வைத்திருந்தார். இளநீர், தண்ணீர் பாட்டில், வேகவைத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை. மயிலம் மலைக்குப் போகிறவர்கள் இறங்கி ஏறுகிற இடம், வியாபாரத்துக்குக் குறைவில்லை. நாங்கள் யாரென்று சொன்னதும் முகம் இறுகிவிட்டது. ஆனாலும் ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, ஒரு தட்டில் மல்லாட்டையைக் கொட்டி வைத்தார். அதைத் தொடலாமா கூடாதா என்று எனக்கே ஒரு கணம் பயமாக இருந்தது. கடையில் தின்றால் சம்பந்தம் ஆகிவிடாது என்று சொல்லிவிட்டு என் கணவர் உரிக்க ஆரம்பித்தார்.

நான் எல்லாவற்றையும் விளக்கினேன். தியேட்டர், தேவாலயம், குடிநீர்த் தொட்டி என்று போனில் இருந்த படங்களையும் காட்டினேன். காட்டக் காட்ட அவருடைய சந்தேகம் கூடிக்கொண்டே போனது.

"அம்மா, இந்த ரோட்ல கடை வெச்சிக்கினு எத்தினியோ வேனப் பாத்துட்டேன்," என்றார். "மயிலத்துக்குப் போறாங்க, மேல்மலையனூருக்குப் போறாங்க, கடலுக்குப் போறாங்க. தண்ணி டேங்க பாக்கப் போற வேன நான் பாத்ததில்ல. நீங்க அந்தப் பையனுக்கு வேண்டப்பட்டவங்க. மூடி மறைக்க வந்துகீறீங்க."

எனக்கு மூக்கு நுனி வரைக்கும் கோபம் வந்துவிட்டது. வாயைத் திறந்து நாலு வார்த்தை சொல்லியிருந்தால் காரியம் அங்கேயே கெட்டிருக்கும். அந்த நேரத்தில் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்தாள் அவருடைய ஒரே மகள். வேலை முடிந்து வந்திருக்கிறாள், அடையாள அட்டை இன்னும் கழுத்தில் தொங்கியது. கடைசி இரண்டு மூன்று வார்த்தைகள் காதில் விழுந்திருக்க வேண்டும். என் போனை வாங்கி அந்தக் குடிநீர்த் தொட்டியை நிதானமாகப் பார்த்தாள். பிறகு விரலால் தள்ளித் தள்ளிப் பூசாத வீட்டுக்கு வந்தாள். அங்கே வெகுநேரம் நின்றாள்.

"மறுபடியும் எப்ப போறீங்க மேடம்?"

"வர்ற ஞாயிற்றுக்கிழமை."

"நானும் வர்றேன்."

அப்பாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "பொண்ணு போயி மாப்ள வூட்ட பாக்கறதா? ஊரு சிரிக்காது?"

"நான் எங்கப்பா மாப்ள வூட்ட பாக்கப் போறேன்? கட்டடம் பாக்கப் போறேன். மேடம் சொல்றது நெஜம்னா வேன்ல இருபது பேரு இருப்பாங்க. பொய்னா நான் மட்டும் இருப்பேன், எறங்கி வந்துர்றேன்."

இதைவிடச் சரியாக நான் வாதாடியிருக்க முடியாது. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை வீட்டைப் பெண்ணின் மாமா பார்ப்பார், சித்தப்பா பார்ப்பார், ஒன்றுவிட்ட அண்ணன் பார்ப்பான். ஆயுள் முழுக்க அங்கே இருக்கப்போகிற பெண் மட்டும் தாலி கட்டிய பிறகுதான் பார்ப்பாள். கட்டடம் சொல்லிக்கொடுக்கிறவளாக இருந்தும் இந்த அநியாயம் அதுவரை என் கண்ணில் பட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை கூட்டேரிப்பட்டில் வேன் நின்றபோது அப்பாவும் மகளும் தயாராக நின்றார்கள். மகளைத் தனியே அனுப்ப அவருக்கு மனமில்லை. உள்ளே ஏறித் தலைகளை ஒரு நோட்டம் விட்டார். இருபதுக்குக் குறையாமல் இருந்தது. ஊசி போட அழைத்துப் போகிற பிள்ளையின் முகத்தோடு என் கணவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

குடிநீர்த் தொட்டியின் அடியில் அவர் நிற்கவே இல்லை, வேனை ஒட்டியே நின்றார். தேவாலயத்தில்தான் மனிதர் மாறினார். மடிப்புக் கூரையை அண்ணாந்து பார்த்தபடியே ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நடந்தார். "இது எப்டிங்க வுழாம நிக்கிது?" என்று என்னிடம் கேட்டார். ஒரு காகிதத்தை மடித்து அதன் மேல் என் சாவிக்கொத்தை வைத்துக் காட்டினேன். அவரும் மடித்து வைத்துப் பார்த்தார். சாவிக்கார அம்மாள் சட்டி மாற்றிய கதையைச் சொன்னபோது, "எங்க அம்மாகூட இப்டித்தாங்க, ஒக்காராம வேல செய்யும்," என்றார். வளவனூர் வருவதற்குள் பின் ஸீட்டில் இருந்த ஒரு பெரியவரிடம் கான்கிரீட்டை ஏன் நடுவில் நிறுத்தக் கூடாது என்று விளக்கிக்கொண்டிருந்தார்.

இந்தத் தடவை பழத்தட்டு இல்லை. எனக்குக் கைத்தறிப் புடவை, என் கணவருக்கு பேண்ட். அந்த வீட்டில் ஒரு பருக்கைகூட யார் வாயிலும் படக்கூடாது என்று வேனிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். பெண்ணும் அப்பாவும் வரப்போவதை முந்தின நாள் போனில் அந்த அம்மாவிடம் சொல்லியிருந்தேன். கேட்டிலேயே நின்றார், முகத்தில் ரத்தமே இல்லை. மகன் அவருக்குப் பின்னால் சட்டைக் கையை மடிப்பதும் இறக்குவதுமாக நின்றார். தெரு போன தடவையைவிட நெருங்கி வந்து நின்றது.

புடவையில் மாட்டும் மைக்கும் இடுப்பில் ஒரு சின்ன ஸ்பீக்கரும் எப்போதும் என்னிடம் இருக்கும். சத்தத்தை முழுக்கத் திருப்பினேன். வீட்டுக்கு முதுகைக் காட்டித் தெருவைப் பார்த்து நின்றுகொண்டு தொடங்கினேன். இது கட்டடச் சுற்றுலா, மாதாமாதம் நடக்கிறது, வருகிறவர்கள் இந்த இருபது பேர், இன்ன இன்ன ஊர். இந்தச் சுவருக்குப் பூச்சு இல்லாதது பணம் இல்லாமல் அல்ல, இப்படிப் பூசாமல் நிற்கும்படி ஒரு செங்கல் பிசகாமல் கட்டத் தெரிந்த கை வேண்டும் என்று சொன்னேன். அடுத்த மாதம் இந்தத் தெருவிலிருந்து யார் வந்தாலும் ஸீட் உண்டு என்றும் சொன்னேன். எதிர் வீட்டு அம்மாள் மெதுவாக உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். எனக்கு மனசு குளிர்ந்தது.

உள்ளே, போன தடவையைப் போலவே, மகன்தான் கூரையைப் பற்றிச் சொன்னார். அன்று வார்த்தைகள் தடுமாறின. பெண்ணின் பக்கம் பார்க்காமல், வளைவைப் பார்த்தே பேசினார். அவள் கையைத் தூக்கினாள்.

"பூசலன்னா மழைக்கு ஊறாதா?"

நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் சொல்லிவிட்டார். "ஊறிச்சிங்க. மொத மழைக்கு அந்த ரூம்ல கட்டில நவுத்திப் போட்டுக்கினு படுத்தோம். செங்கல்லு நடுவுல சந்து ஒழுங்கா அடைக்கல, என் தப்பு. மறுபடி சொறண்டி அடைச்சேன். இப்ப இல்ல."

போன தடவை வந்தவர்களிடமும் என்னிடமும் அவர் சொல்லாத சங்கதி அது. அவள் அந்த அறைக்குப் போய்ச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். அவர் பொய் சொல்லவில்லை என்பது கையிலேயே தெரிந்திருக்கும். கூடத்து வெளிச்சத்தின் அடியில் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு யாரையும் கேட்காமல் சமையலறைக்குப் போனாள். மைக்கை அணைத்துவிட்டு நானும் போனேன். அந்த அம்மாவும் மகனும் வாசல்படியில் நின்றார்கள்.

அடுப்புக்கு முன்னால் போய் நின்றாள். கரண்டி பிடிக்கிற உயரத்தில் கையை வைத்துப் பார்த்தாள். வலப்பக்க ஜன்னல் வழியாக வயல் தெரிந்தது.

"நல்லாதான் கீது," என்றாள். இடப்பக்கச் சுவரைத் தட்டினாள். "இங்க ஒரு ஜன்னல் வெக்கணும்."

கல்யாணத்தைப் பற்றி அன்று காலையிலிருந்து யாரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. எனக்குத்தான் நாக்கு நிற்காதே.

"அது பாரம் தாங்குற சுவர். வளைவு முழுக்க அது மேலதான் உட்கார்ந்திருக்கு. ரோட்டுத் தூசி வரக்கூடாதுன்னுதான் அந்தப் பக்கம் மூடியே விட்டிருக்காரு. அதுல கை வச்சா—"

எப்போது வந்து நின்றாரோ, என் கணவர் என் காலை மிதித்தார்.

"வெட்டிடலாங்க," என்றார் மகன். முதல் தடவையாக அவளை நேராகப் பார்த்தார். "பாரத்த வாங்க மேல ஒரு லிண்டல் குடுத்துட்டா ஒண்ணும் ஆவாது."

அந்த அம்மா வாயைப் பிளந்து மகனைப் பார்த்தார். "இத்தினி வருசமா ஒரு செவுத்த பூசுடான்னு அழுதுக்கினு கீறேன். ஒரு கல்லத் தொட வுட்டியாடா நீ?" என்றார். திட்டுவதாக நினைத்துக்கொண்டுதான் சொன்னார். கண்ணில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

சத்தம் கேட்டுப் பெண்ணின் அப்பா கூடத்திலிருந்து வந்தார். தேவாலயத்தில் மடித்த காகிதம் இன்னும் கையில் இருந்தது. "இன்னாம்மா?" என்றார். ஜன்னல் என்றதும் வலப்பக்கம் கையைக் காட்டினார். "அதான் அங்க ஒண்ணு கீதே. ரோட்டுப் பக்கம் இன்னாத்துக்கு ஜன்னலு?"

"நீ வருவ இல்லப்பா," என்றாள் அவள். "பஸ்ஸ வுட்டு எறங்கறது எனக்குத் தெரிய வேணாமா?"

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். பிறகு அந்தச் சுவருக்குப் பக்கத்தில் போய், மகள் தட்டிய இடத்திலேயே தானும் ஒரு தடவை தட்டிப் பார்த்தார்.

"எவ்ளோ அகலம் வெக்கலாம் டீச்சர்?" என்று என்னைக் கேட்டார்.

நாலடிக்குக் குறையக் கூடாது என்றேன்.